கலியாண நெல்லில் அந்து

என் செல்ல மகளுக்கு,

போன கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்னது ஒரு பதிலே இல்லை. நெல்லில் அந்து விழுந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு, "அம்மா, அந்து எண்டா என்ன? சுதன் கேக்கிறார்" என்றாய். "அது ஒரு பூச்சி. எனக்கு வேலை கிடக்கு, வை" என்று சொல்லிவிட்டு நானே போனை வைத்தேன். வேறு பிள்ளையாக இருந்தால் கோபித்திருக்கும். நீ கோபிக்கவில்லை. அடுத்த நாள் வழமைபோல எடுத்து, சாப்பிட்டீர்களா, அப்பா மருந்து போட்டாரா என்று கேட்டாய். நீ கோபிக்காததுதான் இந்தக் கிழமை முழுக்க என்னைத் தின்றுகொண்டிருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லுக்கு ஒழுங்கான விளக்கம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனிலேயே சொல்லலாம்தானே என்பாய். போனில் நான் ஒரு வசனத்தை முடிக்கும் முன்னமே நீ "ஓம் அம்மா" என்று சொல்லிவிடுகிறாய். கடிதத்துக்கு நடுவில் உன்னால் ஓம் போட முடியாது. மாங்கேணியில் நீ தங்கியிருக்கிற வீட்டு விறாந்தையில் இருந்து ஆறுதலாகப் படி. உன்னைக் கட்டப்போகிற சுதனுக்கும் படித்துக் காட்டு. அவருடைய அம்மா கேட்டால் அவவுக்கும் படி. ஒளிக்கிற விசயம் இதில் ஒன்றுமில்லை. வெட்கப்படுகிற விசயம் கொஞ்சம் இருக்கிறது, அது என்னுடையது.

முதலில் சொல்லுக்கு வருகிறேன். அந்து என்பது நெல்லில் பிறக்கிற பூச்சி. வைக்கோல் நிறம், நெல்மணி அளவு, சிறகை மடித்துக்கொண்டு இருந்தால் இன்னொரு நெல்மணி என்றே நினைப்பாய். விளக்கில் வந்து விழுகிற விட்டிலை உனக்குத் தெரியும். பாட்டிலும் வசனத்திலும் விட்டிலுக்குத்தான் இடம், ஆசைப்பட்டு வெளிச்சத்துக்குப் போய்க் கருகிச் செத்தது என்று எல்லாரும் அதற்காக உருகுவார்கள். அந்துவுக்காக உருகி யாரையும் நான் பார்த்ததில்லை. அது எங்கேயும் போய் விழுவதில்லை, உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். புழு பொரித்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையால் ஒரு மணிக்குள் போய்க் குந்திவிடும். பிறகு அதற்கு ஊரும் உலகமும் அந்த ஒரு மணிதான். உள்ளே இருக்கிற அரிசியைத் தின்று, தின்ற இடத்திலேயே வளர்ந்து, அங்கேயே கூடாகும். கூடாவதற்கு முன் உமியின் ஓரத்தை வட்டமாக அரித்து, ஒரு மெல்லிய மூடியை மட்டும் விட்டு வைக்கும், சிறகு முளைத்ததும் தள்ளிக்கொண்டு வருவதற்கு. வந்த பிறகு அது எதையும் தின்பதில்லை. சில நாள் பறந்துவிட்டுச் செத்துப்போகும். தின்பதெல்லாம் உள்ளே இருக்கும்போதே தின்று முடிந்துவிடுகிறது. இதில் பாதி விவசாயப் போதனாசிரியர் சொன்னது, பாதி அப்பா சொன்னது.

பதர் என்று ஒன்று இருக்கிறது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதே. பதர் என்றால் பால் பிடிக்காமலே போன நெல். அதில் ஒருநாளும் அரிசி இருந்ததில்லை, சுளகை ஒரு தட்டுத் தட்டினால் முதலில் பறப்பது அதுதான். அந்து விழுந்த நெல் அப்படியல்ல. அதில் அரிசி இருந்தது, நல்லாகவே இருந்தது. உள்ளே இருந்தது போய்விட்டது, வெளியே உமி உமியாகவே மினுங்குகிறது. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கையில் அள்ளினால் நிறை இருக்காது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். "மூடையில அந்து விழுந்திட்டு" என்பார்கள், "அறைக்குள்ள அந்து வாடை அடிக்கு" என்பார்கள், அதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. ஒரு மனிதனைப் பதர் என்று திட்டுவார்கள், அந்து என்று யாரும் திட்டி நான் கேட்டதில்லை. நான்தான் இந்தக் கடிதத்தில் மனிதருக்கு அதைப் பாவிக்கப்போகிறேன். திட்டுவதற்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலியாணச் சோறு கடை அரிசியில் இல்லை, எங்கள் வயல்வட்டையில் விளைந்த நெல்லில்தான் என்று நான் வெல்லாவெளி முழுக்கச் சொல்லி வைத்திருந்தது உனக்குத் தெரியும். பெரும்போகம் அறுவடை செய்த அன்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது. வெட்டு மெசின் வயலில் இறங்கி ஏறியதும், வீதி ஓரத்தில் படங்கு விரித்துக் காயப்போட்டோம். அப்பா ஒரு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு வெயில் காயட்டும்" என்றார். "காஞ்சது காணும், மழை வரப்போகுது" என்று நான் அள்ளி மூடை கட்டிவிட்டேன். அவர் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நெல்லை எங்கே வைப்பது என்று வந்தபோதுதான் நான் கெட்டிக்காரியானேன். பெரிய வீட்டில், உனக்கென்று ஒழுங்குபடுத்திய வீட்டில், நடு அறைக்குள் அடுக்கினேன்.

அந்த வீட்டின் கதையைச் சுதனின் ஆட்களுக்கு ஒருமுறை சரியாகச் சொல்லவேண்டும். வேறு ஊர்களில் கலியாணம் முடிந்தால் அழுதுகொண்டு போகிறவள் பெண். எங்கள் பக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர் மாப்பிள்ளை. வீடு மகளுக்கு. என் அம்மா இந்த வளவை எனக்குத் தந்துவிட்டுப் பின்னால் ஒதுங்கினா, நான் உனக்குத் தந்துவிட்டு ஒதுங்கவேண்டும். உன் அண்ணனையும் அப்படித்தான் கல்முனைக்கு அனுப்பினோம், அவன் இப்போது அவன் மனைவியின் வீட்டில் நல்லாக இருக்கிறான். ஒதுங்குவதிலும் நான்தான் முந்திக்கொண்டேன். வைகாசியில் கலியாணம் என்று பேசி முடித்த கையோடு, பின்வளவில் ஒரு அறையும் குசினியும் போட்டு, அப்பாவையும் இழுத்துக்கொண்டு அங்கே போய்விட்டேன். பெரிய வீட்டுக்கு இளம்பச்சை பெயின்ட் அடித்து, புது மாப்பிள்ளை கால் வைக்கும்வரை அதில் யாரும் புழங்கக்கூடாது என்று நானாகவே ஒரு சட்டம் போட்டுப் பூட்டினேன். "மாப்பிள இன்னும் வரல்ல, அதுக்குள்ள நம்மள வீட்ட விட்டுக் கலைச்சிட்டாய்" என்று அப்பா சிரித்தார். நெல் இருந்த அறைக்கு இன்னும் பெரிய காவல். பூச்சி வரக்கூடாது என்று யன்னலுக்குப் பொலித்தீன் அடித்தேன், கதவுக்கு அடியில் சாக்கைச் சுருட்டி வைத்தேன். சுதனின் பெரியப்பா மோசம்போய், செத்தவீட்டுத் துடக்கால் கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப்போனபோதும் கதவைத் திறக்கவில்லை. பின்வளவில் ஒரு பலகைக் கட்டிலில் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு படுத்தோம். முன்னால் அவ்வளவு பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. அது பைத்தியக்கார வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி பிறந்து, நெல்லை மில்லுக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு காலையில் அறையைத் திறந்தோம். முதலில் வாடைதான் வந்தது, புளித்த தவிட்டு வாடை. பிறகுதான் சுவரைப் பார்த்தேன். உன் இளம்பச்சைச் சுவர் முழுக்க அந்து. நீ போனில், "உங்களுக்குப் பிடிச்ச நிறம் அடிங்கம்மா" என்று சொன்ன சுவர். வெளிச்சம் பட்டதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி என் முகத்திலும் தலைமயிரிலும் அப்பிக்கொண்டன. வாயைத் திறக்கப் பயமாக இருந்தது. யன்னல் பக்கம் போனால் அது இன்னும் மோசம். பொலித்தீனின் ஓரத்தில் எங்கேயோ இடைவெளி கண்டு உள்ளே புகுந்தவை, பொலித்தீனுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் அகப்பட்டு, வெளியே வெயில் தெரியத் தெரிய அடித்துக்கொண்டு கிடந்தன. செத்தவை கீழே உமிபோலக் குவிந்திருந்தன. நான் பொலித்தீனைக் கிழித்தேன். யன்னலைத் திறந்த பிறகும் பாதி வெளியே போகவில்லை. திரும்பிச் சுவரிலேயே போய் ஒட்டிக்கொண்டன. மூடையை அவிழ்த்து ஒரு கை அள்ளினால், நெல் நெல்லாகவே இருக்கிறது, கையில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கிறது. உன் கலியாணச் சோறு அப்படியே போய்விட்டது.

"இவ்வளவு அடைச்சும் எப்பிடி வந்த?" என்று நான் கத்தினேன். அப்பா கதவடியில் இருந்த சாக்குச் சுருளைக் காலால் தள்ளிக்கொண்டே, "அது வெளியில இரிந்து வாறதில்ல. வட்டையில கதிர் நிக்கக்குள்ளயே நெல்லுக்குள்ள குந்திற்று வந்திரிக்கு. நீ கதவ அடைச்சி அதுக்குக் காவல் இரிந்திரிக்காய்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பரிகசிக்கவில்லை. அதுதான் உறைத்தது. நான் சுளகோடு நிலத்தில் குந்திவிட்டேன். அழவில்லை, எனக்குக் கோபம் வந்தால் அழுகை வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோபத்தில் வேறொரு கேள்வி வாயில் வந்துவிட்டது. ஏன் வந்ததென்று இப்போதும் தெரியவில்லை. "இஞ்ச வரக்குள்ள நீங்க மனசோடதான வந்தீங்க?" என்று கேட்டேன். எந்த வரவு என்று அவர் கேட்கவில்லை. ஒரு அந்துவைக் கைச்சட்டையிலிருந்து தட்டிவிட்டார். "வந்தன்தானே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்த ஒரு சொல்லை நான் கையில் ஏந்திப் பார்த்தேன், மகள். நிறை இல்லை.

அப்பா கலியாணத்துக்கு முன் சித்தாண்டியில் இருந்தபோது லொறி ஓட்டினவர் என்பது உனக்கு ஒரு பகிடியாகத்தான் தெரியும். சோற்றுக்கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஸ்டியரிங் மாதிரித் திருப்புவார், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், "சோத்துக்கோப்பையில லொறி ஓட்டாதீங்க" என்று நான் ஏசுவேன். வீதியால் ஒரு லொறி போனால் வாய்க்குக் கொண்டுபோன பிடி பாதியில் நிற்கும். தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, "பாரம் கூட, மூணாவது கியர்ல ஏறுறான்" என்பார். நீயும் அப்படியே தலையைச் சரிப்பாய். நெல் ஏற்றிக்கொண்டு மலை ஏறி மறு பக்கம் இறங்குகிற வேலை அவருக்கு. எங்கள் கலியாணம் பேசியபோது என் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "வீட்டுக்கு வாற மருமகன் வீட்டில இரிக்கணும். வயல் கிடக்கு, லொறி எதுக்கு?" அவர் "ஓம் மாமி" என்றார். அடுத்த போகத்துக்கு எங்கள் வட்டையில் இறங்கினார். ஒரு சொல் குறை சொன்னதில்லை. வயலையும் நல்லாகவே செய்தார், எங்களையும் நல்லாகவே பார்த்தார். அவர் சந்தோசமாக இருக்கிறார் என்றுதான் நான் இவ்வளவு காலமும் நினைத்தேன். இல்லை, அப்படியும் இல்லை. சந்தோசமா என்று யோசிக்கவேண்டிய ஒரு விசயமாகவே அது எனக்குப் படவில்லை. வீடு இருந்தது, வயல் இருந்தது, ஆள் உள்ளே இருந்தார். அவர் ஓட்டிய லொறி அவருக்குள் எங்கே போய்விட்டது என்று கேட்க எனக்கு அந்து தேவைப்பட்டது.

அன்றைக்குப் பிறகு உன்னுடைய ஓம்களை ஒவ்வொன்றாக எடுத்து நான் தண்ணீரில் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். மாங்கேணியில் உன் மருத்துவிச்சி வேலையை விட்டு இங்கே மாற்றம் கேட்டு எழுது என்றேன். "ஓம் அம்மா, எழுதுறன்." கலியாணத்துக்குப் பிறகு சுதன் இங்கே வந்து டிரக்டர் எஞ்சின் திருத்தட்டும், எஞ்சின் என்றால் எஞ்சின்தானே, தோணியில் இருந்தால் என்ன வயலில் இருந்தால் என்ன என்றேன். "ஓம் அம்மா, சொல்றன்." சுவருக்கு எந்த நிறம் என்று கேட்டேன், அதற்கும் ஓம் போல ஒரு பதில். ஒன்றுகூடத் தாழவில்லை. இந்தக் கலியாணத்துக்கு நீ சம்மதமில்லை என்று நான் நினைக்கவில்லை, சுதனை நீயாகத்தான் கண்டாய், நீயாகத்தான் சொன்னாய். அந்த ஓம் தாழும் என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம்தான் மிதக்கிறது. அதையெல்லாம் ஏன் சொன்னாய் என்றும் எனக்குத் தெரியும். அம்மாவின் வீடு, அம்மாவின் ஆசை, அம்மா தனித்துவிடுவா. என்னைப் பார்த்துப் பாவப்பட்டு நீ உள்ளே போய்க் குந்தப்பார்க்கிறாய்.

சுதன் முதன்முதலாக இங்கே வந்த நாளையும் இப்போதுதான் நான் திருப்பிப் பார்த்தேன். சாப்பிட்ட பிறகு அவரைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம், உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் காற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மாமி, இஞ்ச இரிந்து கடலுக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பட்டிருப்புப் பாலம் தாண்டி, களுவாஞ்சிகுடி போய், அதற்கும் அங்கால் என்று சொல்லிவிட்டு, "கடல் எதுக்கு, அதான் குளம் இரிக்கே" என்று நான் பெரிதாகச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "ஓம் மாமி" என்றார். களப்புக்கு மேற்கே வயல் பக்கமான படுவான்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற, கடல் பக்கத்து எழுவான்கரைப் பிள்ளை. அதே சொல், அதே மரியாதை, அப்பா என் அம்மாவுக்குச் சொன்னது. நீ பக்கத்தில் நின்று புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தாய்.

ஆனால் உன் குரலில் நிறை இருந்து நான் கேட்டிருக்கிறேன், அதனால்தான் வித்தியாசம் தெரிகிறது. சித்திரையில் ஒரு காலை நீ போன் எடுத்தாய். களப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பிரசவத்துக்குத் தோணியில் ஏற்றி வந்தீர்கள், கரைக்கு வரும் முன்னமே பிள்ளை பிறந்துவிட்டது. "தோணிக்குள்ளயே பொறந்திட்டு அம்மா! சுதன்தான் எஞ்சின் பிடிச்சவர், நான் அலையப் பாத்தா இஞ்சால தலை வந்திட்டு, மறுகா..." என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாய். தோணியில் எல்லாம் ஏறாதே, கவனம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். "நில்லுங்கம்மா, நான் சொல்லி முடிக்கல்ல" என்றாய். உன் வாழ்க்கையில் நீ என்னை இடையில் நிறுத்தியது அது ஒருதரம்தான். எனக்கு அன்றைக்குக் கோபம்தான் வந்தது, இவளுக்கு உத்தியோகம் தலைக்கேறிவிட்டது என்று அப்பாவிடம் முறையிட்டேன். இப்போது அந்தக் குரலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். மாங்கேணிப் பெண்கள் உன் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருகிறார்களாம், உன்னை வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். அதை விட்டுவிட்டு இங்கே வந்து என் அலுமாரியைத் துடைத்துக்கொண்டு இருக்கச் சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

நான் ஏன் கேட்டேன் என்பதையும் எழுதிவிடவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தில் நான் மட்டும் பெரிய மனுசியாகிவிடுவேன். எனக்குப் பயம். இந்த வீட்டில்தான் பிறந்தேன், இந்த வீட்டில்தான் பிள்ளை பெற்றேன். சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பி ஓடிய காலங்களிலும் முதல் ஆளாகத் திரும்பி வந்து கதவைத் திறந்தவள் நான்தான், சுற்றிவர ஒரு வீட்டிலும் புகை இல்லாத நாளில். வீடு என்னுடையது என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தேன். அது என்னை எங்கேயும் விடவில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை. உன் அப்பாவை நான் அடைத்து வைத்தேன் என்றால், என்னை யார் அடைத்தார்கள் என்று கேட்க ஆள் இல்லை. கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டது நானேதான். நீயும் வந்து உள்ளே இருந்தால், இதெல்லாம் சரியாகத்தான் நடந்தது என்று எனக்கு ஆகிவிடும். அதற்காகத்தான் உன்னைக் கேட்டேன். உண்மை அதுதான்.

ஊர் வேறு இருக்கிறது. நீங்கள் மாங்கேணியிலேயே இருந்தால் என்ன என்று உன் பெரியம்மாவிடம் கொஞ்சம் வாய் விட்டுப் பார்த்தேன். "என்னகா, வீட்ட வெச்சிக்கொண்டு புள்ளய மாப்பிள வீட்டுக்கு அனுப்பப் போறயா? குடுக்க வக்கில்லாத வீடு எண்டு ஊர் சொல்லாதா?" என்று கன்னத்தில் கை வைத்தா. "ஊருக்கு அந்து விழட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய் பேசிவிடும் மகள், கால்தான் ஊருக்குள் நடக்கவேண்டும். கார்ட் அடித்தாகிவிட்டது, அதில் உன் விலாசமாக இந்த வீடுதான் இருக்கிறது. கோயிலடியில் போனால் மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்றுதான் கேட்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே கட்டிய வேலியில்தான் போய் முட்டுகிறேன்.

ஆகவே இரண்டு காரியம் செய்தேன். அந்து விழுந்த மூடைகளை எல்லாம் கோழிப்பண்ணைக்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். கலியாணச் சோறு கடை அரிசிதான், சாப்பிடுகிறவர்கள் சாப்பிடட்டும். பிறகு நேற்றுக் காலை பெரிய வீட்டின் கதவு யன்னல் எல்லாவற்றையும் திறந்து, பின்வளவில் இருந்த கட்டிலை அப்பாவோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்து நடு அறையில் போட்டேன். என்ன செய்கிறாய் என்று அப்பா கேட்டார். "குடிவாறம்" என்றேன். கலியாணத்துக்கு முன் உன் பேரில் வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுவதில் மாற்றமில்லை, வீடு உன்னுடையதுதான், அதில் ஊரும் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் அதற்குக் காவல் இருப்பது உன் வேலை இல்லை. நாங்கள் உயிரோடு இருக்கும்வரை நாங்களே இருக்கிறோம். உனக்கு இங்கே இப்போது அறை இல்லை. விருந்துக்கு வா, பிள்ளைப்பேற்றுக்கு வா, சுதனோடு சண்டை பிடித்துக்கொண்டு வா, பாய் போட்டுத் தருகிறேன். குடியிருக்க வராதே.

நேற்று மத்தியானம் அந்த வீட்டிலேயே சமைத்தேன். நெடுநாளைக்குப் பிறகு அடுப்பு எரிந்ததில் இளம்பச்சைச் சுவரில் ஒரு ஓரம் கறுத்துவிட்டது. அப்பா நிலத்தில் இருந்து சாப்பிட்டார். வீதியால் ஒரு லொறி போனது, பிடி பாதியில் நின்றது. கொஞ்ச நேரத்தில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து, யாரும் பார்க்காததுபோல மெதுவாகத் திருப்பினார். நான் ஏசவில்லை. "எங்க போறீங்க?" என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே, "மாங்கேணிக்கு. ஏறு, போவம்" என்றார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். எனக்கு அப்போது அழுகை வந்தது. அதை உனக்குச் சொல்வதில் வெட்கமில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. இதைப் படித்து முடித்ததும் நீ போனை எடுப்பாய், எடுத்து, "ஓம் அம்மா, நீங்க சொன்னா சரி, நாங்க மாங்கேணியிலயே இரிக்கிறம்" என்பாய். அதற்குத்தான் இப்போது பயந்துகொண்டிருக்கிறேன். உள்ளே வா என்று நான் சொன்னதற்கும் ஓம், வெளியே போ என்று சொல்வதற்கும் ஓம் என்றால், நீ வெளியே வரவே இல்லை. அது மட்டுமா, என் மனத்தில் ஒரு பக்கம், "இல்லையம்மா, நாங்கள் வெல்லாவெளிக்கே வருகிறோம்" என்று நீ சொல்லமாட்டாயா என்று காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை நம்பாதே, அதற்காக எதையும் சொல்லாதே. மாங்கேணி என்றாலும் சரி, வேறு எந்த ஊர் என்றாலும் சரி, இந்த வீடுதான் வேண்டும் என்று உண்மையாகவே தோன்றினாலும் சரி, சுதனோடு இருந்து பேசி, இரண்டு பேரும் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு எடு. நான் வழமைபோல இடையில் விழுவேன், புத்தி சொல்லுவேன், கத்துவேன். இத்தனை வயதுக்குப் பிறகு ஒரு கடிதத்தால் நான் திருந்திவிடமாட்டேன். ஆனபடியால், நீ பேசத் தொடங்கும்போது எதையும் சொல்வதற்கு முன், அன்றைக்குத் தோணிக்கரையிலிருந்து சொன்ன மாதிரி, "நில்லுங்கம்மா, நான் சொல்லி முடிக்கல்ல" என்று சொல்லு. நான் நிற்கிறேன்.

உன்
அம்மா